முதல் பக்கத்தில் தப்பு, ஆறாம் பக்கத்தில் திருத்தம்

கேள்வி இது: "பத்திரிகை தர்மம் என்று எல்லா நாட்டிலும் ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் பொய்ச் செய்தி போட்ட பத்திரிகையோ சேனலோ உண்மையிலேயே பதில் சொல்லியாக வேண்டிய நாடு என்று ஒன்று இருக்கிறதா? அரசாங்கம் தலையிடாமல் அது நடக்குமா?"

இருக்கிறது, ஓரளவுக்கு. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், அயர்லாந்து ஆகிய நாடுகளைச் சொல்லலாம். ஆனால் அங்கே மட்டும் ஏன் நடக்கிறது என்பதற்குப் பலரும் சொல்லும் காரணம் தவறு. "அவர்களுடைய விதிமுறை கறாரானது" என்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. எந்த நாட்டு நெறிமுறையை எடுத்தாலும் சரக்கு ஒன்றுதான்: சரிபார்த்துப் போடு, மறுதரப்பைக் கேள், தப்பானால் திருத்து, தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்காதே, குழந்தைகள் விஷயத்தில் கவனமாக இரு, காசு வாங்காதே. சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு 1954-ல் பிரான்சின் போர்தோ நகரில் ஏற்றுக்கொண்ட பிரகடனத்திலும் ஏறக்குறைய இதேதான் இருக்கிறது. நான் விதிகளைப் பார்ப்பதில்லை. பத்திரிகைகள் சேர்ந்து வைத்துக்கொண்ட புகார் கவுன்சிலிலிருந்து ஒரு பத்திரிகைக்கு எதிராகத் தீர்ப்பு வரும்போது, "போங்கய்யா, உங்க சங்கமே வேண்டாம்" என்று அது எழுந்து போக முடிகிறதா, போனால் அதற்கு என்ன நஷ்டம் என்பதைப் பார்க்கிறேன். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

முதலில் திருத்தம் என்ற சின்ன விஷயம். நான் ஒரு நாளிதழின் இரவு டெஸ்கில் பல வருடம் இருந்தவன். ஒருமுறை மோசடி வழக்கில் கைதானவர் என்று வேறொருவரின் படத்தை முதல் பக்கத்தில் போட்டுவிட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். படத்தை எடுத்துக் கொடுத்தவர் பார்க்கவில்லை, பக்கம் முடித்த நானும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆறாம் பக்கத்தில், ஒரு டெண்டர் விளம்பரத்துக்கு மேலே, மூன்று வரி: "படம் தவறுதலாக வெளியாகிவிட்டது. வருந்துகிறோம்." அடுத்த வாரம் அந்த மனிதர் நேரில் வந்தார். இரண்டு கத்தரிப்புகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று உள்ளங்கை அகலம், இன்னொன்று கட்டைவிரல் நகம். "முதல் பக்கம் பார்த்த எல்லாரும் ஆறாம் பக்கமும் பார்த்திருப்பாங்கன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டார். தலைமை உதவி ஆசிரியர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. டெஸ்கில் "மறுப்பு வந்தா பாத்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை எப்போதும் ஓடும். அந்த வார்த்தையைச் சொல்லத் தயங்க வைப்பது எதுவோ அதுதான் பொறுப்புக்கூறல். மற்றபடி சுவரில் மாட்டிய நெறிமுறை எங்கள் அலுவலகத்திலும் இருந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு.

சரி, ஸ்வீடன். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு 1766-லேயே சட்டம் போட்ட நாடு. பத்திரிகைகள் தாங்களாகவே அமைத்துக்கொண்ட கவுன்சில் அங்கே 1916-ல் வந்தது, உலகத்திலேயே பழையது என்று அதைத்தான் சொல்வார்கள். "பத்திரிகைக்காரர்களே பத்திரிகைக்காரர்களை விசாரிப்பதா" என்ற முணுமுணுப்பு அங்கேயும் இருந்தது. அதனால் 1969-ல் பொதுமக்களின் புகாரைக் கேட்க ஒரு ஆம்புட்ஸ்மனை நியமித்தார்கள். 2020-ல் ரேடியோ, டிவி, இணையம் எல்லாவற்றையும் சேர்த்து மீடியா ஆம்புட்ஸ்மன் என்று அதை விரிவாக்கினார்கள். செலவு ஊடக அமைப்புகளுடையது, அரசின் கை அதில் இல்லை. குற்றம் நிரூபணமானால் பத்திரிகை அந்தத் தீர்ப்பைத் தன் பக்கத்திலேயே கண்ணில் படும்படி வெளியிட்டு, ஒரு கட்டணமும் கட்ட வேண்டும். கட்டணம் பெரிய தொகை இல்லை. வலிப்பது தீர்ப்பை வெளியிடுவதுதான்.

ஸ்வீடனில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. ஒவ்வொரு பத்திரிகைக்கும் "பொறுப்பு வெளியீட்டாளர்" என்று பெயர் சொல்லி ஒருவர் இருக்க வேண்டும். வழக்கு வந்தால் அவர் ஒருவர்தான் கூண்டில் ஏறுவார். எழுதிய நிருபர் ஏற மாட்டார், தகவல் கொடுத்தவரும் ஏற மாட்டார். "எனக்குத் தெரியாமல் வந்துவிட்டது" என்ற சாக்கு அவரிடம் செல்லாது, ஏனென்றால் தெரிந்துகொள்வதுதான் அவர் வேலை. இன்னொரு பக்கம், பெயர் வெளியே வர வேண்டாம் என்று சொல்லித் தகவல் தந்தவரை நிருபர் காட்டிக்கொடுத்தால், அது அங்கே குற்றம். தகவலைக் கசியவிட்டது யார் என்று அரசு அலுவலகம் துருவித் தேடுவதற்கும் தடை. பாதுகாப்பும் பொறுப்பும் ஒரே சட்டத்துக்குள் இருக்கின்றன. நம் ஊர்ப் பத்திரிகைகளின் கடைசிப் பக்க அடியில் "அச்சிட்டு வெளியிடுபவர், ஆசிரியர்" என்று பொடி எழுத்தில் வருமே, அதுவும் இதே யோசனையில் பிறந்ததுதான். 1867-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அவர்களுடைய நோக்கம் பிடித்து உள்ளே போட ஒரு ஆள் வேண்டும் என்பது. பாதுகாக்கும் பாதியை விட்டுவிட்டுப் பிடிக்கும் பாதியை மட்டும் நமக்குத் தந்தார்கள்.

நார்வேயில் 1936-லிருந்து "எச்சரிக்கையாக இரு" என்ற அர்த்தத்தில் ஒரு சுவரொட்டி உண்டு. அதுதான் அவர்களின் நெறிமுறை. புகார்க் குழுவில் 7 பேர்: பத்திரிகைத் தரப்பில் 4, பொதுமக்கள் தரப்பில் 3. விவாதத்தை இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். 2019-ல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேகே அங்கே மிகப் பெரிய பத்திரிகைகளில் ஒன்று. முன்னாள் அமைச்சர் டிரோண்ட் கிஸ்கே ஒரு மதுக்கூடத்தில் இளம்பெண் ஒருவருடன் ஆடிய வீடியோவை வைத்து ஒரு செய்தி போட்டது. கிஸ்கே மீது ஏற்கெனவே பாலியல் தொல்லைப் புகார்கள் இருந்த நேரம். அந்தப் பெண் சொன்னதாக ஒரு மேற்கோளும் செய்தியில் இருந்தது. பிறகு அந்தப் பெண்ணே ஒரு டிவி சேனலுக்குப் போய், "நான் அப்படிச் சொல்லவில்லை, வார்த்தையை என் வாயில் திணித்தார்கள்" என்றார். நிருபர் அனுப்பிய குறுஞ்செய்திகளெல்லாம் வெளியே வந்தன. வேகே தனக்கே எதிராக ஒரு விசாரணை வைத்து அறிக்கையை வெளியிட்டது. புகார்க் குழுவும் அந்தப் பத்திரிகை நெறியை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. இதில் நான் கவனித்தது ஒன்றுதான். பாதிக்கப்பட்டவர் அரசியல் செல்வாக்குள்ளவர் இல்லை, ஒரு சாதாரண இளம்பெண். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. அதே வருடத்தில் முடிந்துவிட்டது.

இனி பிரிட்டன். சுய கட்டுப்பாடு எப்படிச் சொதப்பும் என்று படிக்க வேண்டுமென்றால் அந்த நாட்டைத்தான் படிக்க வேண்டும். 1953-ல் ஒரு கவுன்சில் வந்தது. அது சரியில்லை என்று 1991-ல் பத்திரிகைப் புகார் ஆணையம் வந்தது. அதுவும் சரியில்லை என்று 2014-ல் இப்சோ என்ற அமைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி வாய்ப்பு" என்று எச்சரித்து விடுவார்கள். கடைசி வாய்ப்பு மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் கூட்ட நெரிசல். அதனால் இறந்தவர்கள் 97 பேர், லிவர்பூல் ரசிகர்கள். நாலு நாள் கழித்து சன் பத்திரிகை முதல் பக்கத்தில் "உண்மை" என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. ரசிகர்கள் பிணங்களின் பையில் கைவிட்டார்கள், மீட்க வந்த போலீஸார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. ஒன்றும் உண்மை இல்லை. தங்கள் பக்கத் தவறை மறைக்க போலீஸ் தரப்பிலிருந்து கசியவிட்ட கதை. சன் அதே முதல் பக்கத்தில் முழு மன்னிப்புக் கேட்டது 2012 செப்டம்பரில். நடுவில் 23 வருடம்! தனி விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியான மறுநாள்தான் அந்த மன்னிப்பு வந்தது. அதுவரை எந்த ஆணையத்தாலும் அதை வாங்கிக் கொடுக்க முடியவில்லை. லிவர்பூல் ஊர்க்காரர்கள் அவர்களுக்குத் தெரிந்த வழியில் தண்டித்தார்கள்: வாங்குவதை நிறுத்தினார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் பல கடைகளில் சன் கிடைக்காது.

அடுத்தது, நான் முன்னே சொன்ன "எழுந்து போவது". போர்ச்சுக்கலில் ஒரு பிரிட்டிஷ் குழந்தை காணாமல் போனபோது, பெற்றோரே கொன்றிருப்பார்கள் என்ற தொனியில் எக்ஸ்பிரஸ் குழுமப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் எழுதின. 2008-ல் பெற்றோர் வழக்கு என்றதும் 5,50,000 பவுண்டும் முதல் பக்க மன்னிப்பும் கொடுத்துத் தீர்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் டெய்லி எக்ஸ்பிரஸின் ஆசிரியர் புகார் ஆணையத்திலேயே ஓர் உறுப்பினர்! இது நடந்து சில வருடத்தில், 2011 ஜனவரியில், அந்தக் குழுமம் ஆணையத்தை விட்டே வெளியேறியது. யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. சங்கத்தில் சந்தா கட்டாத உறுப்பினரை நீக்கலாம், ஆனால் நீக்கிவிட்டு என்ன செய்வது?

அதே வருடம் ஜூலையில் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் விவகாரம் வெடித்தது. கொலையான 13 வயதுச் சிறுமியின் குரல் அஞ்சலை, அவள் காணாமல் போயிருந்த சமயத்திலேயே அந்தப் பத்திரிகையின் ஆட்கள் ஒட்டுக்கேட்டார்கள் என்று கார்டியன் பத்திரிகை எழுதியது. ஒரே வாரத்தில், 168 வருடப் பத்திரிகையை அதன் முதலாளி ரூபர்ட் முர்டோக் இழுத்து மூடினார். இதில் கவனிக்க வேண்டியது, இதே ஒட்டுக்கேட்பைப் பற்றிக் கார்டியன் 2009-லேயே எழுதியிருந்தது. புகார் ஆணையம் அப்போது விசாரித்து, "புதிதாக ஆதாரம் இல்லை" என்று அறிக்கை கொடுத்து, கார்டியனையே கொஞ்சம் குத்தியது. 2011-ல் அந்த அறிக்கையை வாபஸ் வாங்கிக்கொண்டது. இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்தச் சிறுமியின் குரல் அஞ்சல்களைப் பத்திரிகை ஆட்கள் அழித்ததால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பெற்றோர் நம்பினார்கள் என்றும் கார்டியன் எழுதியிருந்தது. அந்தப் பகுதிக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று டிசம்பரில் தெரிந்தது. கார்டியன் திருத்தம் போட்டது. நல்ல வேலை செய்தவர்களும் தப்புச் செய்தார்கள், ஆனால் ஐந்து மாதத்தில் தாங்களே சொன்னார்கள். ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விவகாரத்துக்குப் பிறகு பத்திரிகைகளின் போக்கை விசாரித்த நீதிபதி லெவசன் 2012 நவம்பரில் சுமார் 2,000 பக்க அறிக்கை கொடுத்தார். பத்திரிகைகள் தாங்களே அமைப்பை நடத்தட்டும், ஆனால் அது ஒழுங்காக நடக்கிறதா என்று சட்டத்தால் அங்கீகரிக்கப்பட்ட இன்னொரு அமைப்பு பார்க்கட்டும் என்பது அவர் யோசனை. அப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பில் சேராத பத்திரிகைகள் வழக்கில் ஜெயித்தாலும் எதிர்த்தரப்பின் செலவைக் கட்ட நேரிடும் என்று 2013-ல் ஒரு சட்டப் பிரிவும் வைத்தார்கள். எழுந்து போனால் நஷ்டம் வரட்டும் என்ற கணக்கு. அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருந்து 2024-ல் ரத்தும் செய்துவிட்டார்கள். பெரிய பத்திரிகைகள் இப்சோவில் இருக்கின்றன, அது அங்கீகாரம் கேட்கவே இல்லை. கார்டியனும் ஃபைனான்ஷியல் டைம்ஸும் எதிலும் சேராமல் தனியாக இருக்கின்றன. இப்சோ 10 லட்சம் பவுண்டு வரை அபராதம் போடலாம். முதல் பத்தாண்டில் ஒருமுறைகூடப் போடவில்லை.

அதே பிரிட்டனில் டிவிக்குக் கதை வேறு. ஒளிபரப்பை மேற்பார்வையிடும் ஆஃப்காம் உரிமத்தையே பறிக்கும். சீனாவின் சிஜிடிஎன் 2021-லும் ரஷ்யாவின் ஆர்டி 2022-லும் அப்படித்தான் இழந்தன. ஒரே நாட்டில் அச்சுக்கு ஒரு நியாயம், அலைவரிசைக்கு ஒரு நியாயம். இதைப் பல நாடுகளில் பார்க்கலாம்.

அயர்லாந்து இதை அழகாகச் சமாளித்தது என்று நினைக்கிறேன். 2009 அவதூறுச் சட்டத்தில் ஒரு வழி வைத்தார்கள். பிரஸ் கவுன்சிலில் உறுப்பினராக இருந்து அதன் நெறியைப் பின்பற்றினால், வழக்கு வரும்போது அதைத் தன் தரப்பு வாதமாகப் பத்திரிகை கோர்ட்டில் வைக்கலாம். கட்டாயப்படுத்தவில்லை, ஆசை காட்டினார்கள். டென்மார்க் நேர்வழி: கவுன்சில் சட்டப்படி அமைந்தது, தீர்ப்பை வெளியிடு என்று உத்தரவிட்டால் வெளியிட வேண்டும், மறுத்தால் அபராதம். என்ன எழுத வேண்டும் என்று அரசு சொல்வதில்லை, தீர்ப்பை மறைக்காதே என்கிறது, அவ்வளவுதான். பிரான்சில் 1935-லிருந்து ஒரு தனி ஏற்பாடு: பத்திரிகை கைமாறினாலோ அதன் போக்கு அடியோடு மாறினாலோ, நிருபர் மனசாட்சியைக் காரணம் காட்டி இழப்பீட்டுத் தொகையோடு வேலையை விட்டுப் போகலாம். முதலாளி மாறியதும் பேனாவைத் திருப்பச் சொன்னால் என்ன செய்வது என்று தவித்த யாருக்கும் இதன் அருமை புரியும்.

அமெரிக்காவில் தேசிய அளவில் கவுன்சிலே கிடையாது. 1973-ல் ஒன்று தொடங்கிப் பார்த்தார்கள். நியூயார்க் டைம்ஸ் ஒத்துழைக்க மறுத்தது. 1984-ல் கடையைக் கட்டினார்கள். அங்கே எல்லாம் பேச்சு, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தமும் நீதிமன்றமும்தான். 1964-ன் சல்லிவன் தீர்ப்பு அதன் மையம். மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு விளம்பரத்தில் சின்னச் சின்னப் பிழைகள்: கிங்கை 4 முறை கைது செய்திருந்தார்கள், 7 என்று இருந்தது. மாணவர்கள் பாடியது தேசிய கீதம், விளம்பரம் வேறு பாட்டைச் சொன்னது. இதற்காக சல்லிவன் என்ற நகர அதிகாரி வழக்குப் போட, அலபாமா நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பொய் என்று தெரிந்தே போட்டார்கள், அல்லது பொய்யா மெய்யா என்று கவலையே படாமல் போட்டார்கள் என்று காட்டினால்தான் அரசு அதிகாரி ஜெயிக்க முடியும் என்றது. அவ்வளவு உயரமான தடுப்பு. அதையும் மீறி மாட்டுபவர்கள் உண்டு. 2020 தேர்தல் பற்றிய பொய்களுக்காக ஓட்டு எந்திரம் செய்யும் டொமினியன் நிறுவனத்துக்கு ஃபாக்ஸ் சேனல் 2023-ல் 78.75 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள் தாங்களே நம்பாத ஒன்றைத் திரையில் பேச விட்டார்கள் என்பது அவர்களுடைய உள் செய்திகளிலிருந்தே தெரிந்துவிட்டது.

ஆனால் டொமினியன் மாதிரிப் பணபலம் இல்லாதவர் என்ன செய்வார்? நியூயார்க் டைம்ஸின் நிருபர் ஜேசன் பிளேர் விவகாரம் இதற்குப் பதில் சொல்லும். 2003-ல் அவர் போகாத ஊர்களிலிருந்து எழுதியது அம்பலமானது. கடைசியாக எழுதிய 73 தேசியச் செய்திகளில் குறைந்தது 36-ல் கோளாறு என்று அந்தப் பத்திரிகையே முதல் பக்கத்தில் தொடங்கி நீளமாக எழுதியது. ஆசிரியர் ராஜினாமா செய்தார். இதில் என் மண்டையைக் குடைந்த விவரம் ஒன்று. ஈராக்கில் பிடிபட்டு மீண்ட ஒரு படைவீராங்கனையின் வீட்டு முற்றத்திலிருந்து புகையிலை வயலும் மாட்டு மேய்ச்சல் நிலமும் தெரிவதாக பிளேர் எழுதியிருந்தார். அங்கிருந்து அப்படி எதுவும் தெரியாது. அவர் அங்கே போகவே இல்லை. குடும்பத்தினர் அதைப் படித்தார்கள், சிரித்தார்கள், ஆனால் புகார் செய்யவில்லை. புகார் செய்து என்ன ஆகப்போகிறது என்று வாசகர் நினைக்கும் நாள்தான் ஒரு பத்திரிகைக்கு மோசமான நாள். அது பத்திரிகைக்குத் தெரியவும் தெரியாது. அந்தச் சூடு பட்ட பிறகுதான் வாசகர் தரப்பில் நின்று பேச "பப்ளிக் எடிட்டர்" என்று ஒருவரை வைத்தார்கள். 2017-ல் அந்தப் பதவியையும் எடுத்துவிட்டார்கள்.

ஜெர்மனியின் ஷ்பீகல் இதழில் டஜன்கணக்கில் ஆட்கள் கொண்ட சரிபார்ப்புப் பிரிவு உண்டு. அதையும் ஏமாற்றி அதன் நிருபர் கிளாஸ் ரெலோட்டியுஸ் வருடக்கணக்கில் கற்பனையை விற்றார், விருதும் வாங்கினார். 2018-ல் அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ தன் சொந்தக் காசில் அமெரிக்கா போய்த் துப்பறிந்துதான் அது வெளியே வந்தது. முதலில் அலுவலகத்தில் மொரேனோவைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். எந்த கவுன்சிலும் இதைப் பிடிக்கவில்லை. சக நிருபர் பிடித்தார்.

நம் பக்கம் வருவோம். இந்தியப் பிரஸ் கவுன்சில் 1966-ல் வந்தது. நெருக்கடி நிலையில் கலைத்தார்கள். 1978 சட்டத்தின் மூலம் மறுபடி கொண்டுவந்தார்கள். 28 உறுப்பினர்கள், ஒரு தலைவர், வழக்கமாக ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், அதிருப்தி தெரிவிக்கலாம். அபராதம் கிடையாது. டிவியும் இணையமும் அதன் எல்லைக்குள்ளேயே வராது. பல்லில்லாத அமைப்பு என்று திட்டுவது எளிது. என் புகார் வேறு: பல் இருந்தும் கடிக்காத நேரம் உண்டு. 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு வேட்பாளர் புகழைச் செய்தியாகப் போட்ட விவகாரத்தை விசாரிக்க கவுன்சில் இருவர் குழு போட்டது. அவர்கள் பத்திரிகைகளின் பெயரைச் சொல்லி 71 பக்க அறிக்கை கொடுத்தார்கள். கவுன்சிலுக்குள் இருந்த முதலாளிகள் தரப்பு எதிர்த்தது. 2010-ல் வெளிவந்தது பெயர் இல்லாத சுருக்கம்தான். முழு அறிக்கை தகவல் ஆணைய உத்தரவுக்குப் பிறகு 2011-ல்தான் வெளியே வந்தது.

டிவிக்கு 2008-ல் சேனல்களே ஒரு ஆணையம் வைத்துக்கொண்டன. அதற்குப் பின்னால் ஒரு ரத்தக் கறை இருக்கிறது. 2007 ஆகஸ்ட் இறுதியில் ஒரு சேனல், டெல்லி அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளை விபச்சாரத்தில் தள்ளுவதாக, ரகசியக் கேமராவில் எடுத்த ஸ்டிங் வீடியோ ஒளிபரப்பியது. பார்த்த கூட்டம் பள்ளி வாசலுக்குப் போய் அவரை இழுத்துப் போட்டு அடித்தது, உடையைக் கிழித்தது. வேலை போனது, கைதும் ஆனார். விசாரித்தால் எல்லாம் செட்டப். மாணவியாக நடித்தவர் மாணவியே இல்லை. அரசு அந்தச் சேனலை ஒரு மாதம் நிறுத்தியது. அரசே இப்படி இறங்கினால் நாளைக்கு யாரையும் நிறுத்தும் என்ற பயமும் சேர்ந்துதான் சேனல்களைச் சுய கட்டுப்பாட்டுக்குத் தள்ளியது. அது உச்ச அபராதமாக வைத்தது 1 லட்சம் ரூபாய். ஒரு பெரிய சேனலுக்கு அது சில்லறைக் காசு. 2023-ல் உச்ச நீதிமன்றமே இது என்ன அபராதம் என்று கேட்டது. அந்த 1 லட்சத்தைக்கூட 2009-ல் இந்தியா டிவி மேல் விதித்தபோது, அது சங்கத்தை விட்டே எழுந்து போனது! பிறகு திரும்பி வந்தது. பின்னாளில் அதன் தலைவர் அதே சங்கத்துக்குத் தலைவரும் ஆனார். 2019-ல் வேறு சில சேனல்கள் சேர்ந்து தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கிக்கொண்டன.

இலங்கை இந்த விஷயத்தில் ஒரு நல்ல பாடம். 1973-ன் பத்திரிகைச் சபைச் சட்டம் அரசு கையில் இருப்பது. அமைச்சரவை நடவடிக்கையை வெளியிட்டால்கூடச் சிறைக்கு வழி வைத்தது. அதற்கு எதிராக ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் 1998-ல் கொழும்புப் பிரகடனம் என்று ஒன்றை எழுதி, 2003-ல் தங்களுடைய முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தார்கள். அதற்கு முந்தின வருடம்தான் குற்றவியல் அவதூறுச் சட்டத்தை ரத்து செய்திருந்தார்கள். இந்தியாவில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் ஒரு ஆசிரியரின் உயிரைக் காக்கவில்லை. சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவை 2009 ஜனவரி 8 அன்று நடுத்தெருவில் கொன்றார்கள். பத்திரிகை மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பேசும்போது, பத்திரிகையாளரைக் கொன்றவர் யாருக்குப் பதில் சொன்னார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

அரசு நடுவராக உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹங்கேரி போதும். 2010 சட்டத்தில் அமைந்த மீடியா கவுன்சில் உறுப்பினர்களை மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வைத்திருந்த ஆளும் கட்சி 9 வருடத்துக்கு நியமித்தது. அரசை விமர்சனம் செய்த க்ளூப்ராடியோ என்ற வானொலி 2021-ல் தன் அலைவரிசையை இழந்தது. விதி மீறல் என்றார்கள், காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இந்தியாவில் மத்திய அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று மத்திய அரசே முடிவு செய்யும் பிரிவு ஒன்றை விதியில் சேர்த்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது.

ருவாண்டாவைச் சொன்னால் "அப்போ அரசு தலையிடாமல் இருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆர்டிஎல்எம் என்ற வானொலி 1994 இனப்படுகொலையின்போது துட்ஸி இன மக்களைக் கரப்பான்பூச்சி என்று திட்டி, ஆட்களின் பெயரையும் இருக்கும் இடத்தையும் சொல்லிக் கொல்லத் தூண்டியது. அதன் பின்னால் இருந்தவர்களை, ருவாண்டாவுக்கென்று ஐ.நா. அமைத்த சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003-ல் குற்றவாளிகள் என்றது. அது இதழியல் தப்பே இல்லை, கொலைக்குத் துணைபோன குற்றம். கவுன்சிலுக்கு அங்கே வேலை இல்லை, கிரிமினல் கோர்ட்டுக்குத்தான் வேலை. ஆனால் அதன் பிறகு அதே நாட்டில் "இனப்படுகொலைச் சித்தாந்தம்" என்ற சட்டத்தை வைத்து அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களை உள்ளே தள்ளினார்கள். இரண்டும் ஒரே கதையின் முன்பாதி, பின்பாதி.

தென்னாப்பிரிக்காவில் 2021-ல் ஒரு பத்திரிகை, ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் 10 குழந்தைகள் என்று போட்டது. உலகம் முழுக்கச் சுற்றியது. மருத்துவமனைகள் எல்லாம் "எங்களிடம் இல்லை" என்றன. அந்தப் பத்திரிகையின் குழுமம் 2016-லேயே பிரஸ் கவுன்சிலை விட்டுப் போயிருந்ததால் கவுன்சிலால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இப்போது யூடியூப் சேனல் வைத்திருப்பவருக்குச் சங்கமும் இல்லை, அடியில் ஆசிரியர் பெயரும் இல்லை. எழுந்து போக அவருக்கு நாற்காலியே இல்லை. இதற்கு எந்த நாட்டிலும் நல்ல பதில் நான் பார்க்கவில்லை. ஸ்வீடன் மாதிரி, தானாக முன்வந்து ஒரு பொறுப்பாளரின் பெயரைப் பதிவு செய்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பைக் கொடுக்கலாம். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றும் வழி.

கடைசியாக, உங்களைப் பற்றியே தப்பாக ஒன்று வந்துவிட்டால்? முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள், நிருபருக்கு அல்ல. எந்தத் தேதி, எந்தப் பக்கம், எந்த வரி, சரியான தகவல் எது என்று நாலே வரியில். கோபத்தைக் கடிதத்தில் காட்டினால் டெஸ்கில் அதைத்தான் படிப்பார்கள், விஷயத்தைப் படிக்க மாட்டார்கள். திருத்தம் வேண்டும் என்பதோடு எங்கே வர வேண்டும் என்பதையும் கேளுங்கள்: "தவறு முதல் பக்கத்தில் வந்தது, திருத்தமும் அங்கேயே வர வேண்டும்." கவுன்சிலுக்குப் போவதானாலும் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தின் நகலைத்தான் முதலில் கேட்பார்கள். இணையச் செய்தியாக இருந்தால், கடிதம் அனுப்புவதற்கு முன்னால் தேதியும் நேரமும் தெரிய முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்தில் அந்த வரி சத்தமில்லாமல் மாறியிருக்கும், "அப்படி ஒன்று வரவே இல்லையே" என்பார்கள்.